காந்தல் ஏறிய காயில்: மின்-சிகரெட் அட்டமைசரைக் கழுவலாமா? ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு நடுத்தர நகரம். கிடங்கு ஒன்றில் இரவுப் பணி பார்க்கும் 47 வயது மனிதர். 26 ஆண்டுகள் நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடித்துவிட்டு வேப் கருவிக்கு, அதாவது மின்-சிகரெட்டுக்கு, மாறியவர். மாறிய பிறகு 14 மாதங்கள் சிகரெட்டைத் தொடவில்லை. பதினைந்தாவது மாதம் மீண்டும் ஒரு பாக்கெட் வாங்கினார். காரணம் மன உளைச்சலோ நண்பர்களின் வற்புறுத்தலோ அல்ல. காயில் என்பது திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும், பஞ்சு பொதிந்த சிறு பாகம்; அதன் செலவை மிச்சப்படுத்த அதைக் கழுவப் போய், கருவி முழுவதும் காந்தல் நெடி ஏறி, அதை வாயில் வைக்கவே முடியாமல் போனதுதான்.

இந்த நிகழ்வைப் பதிவு செய்ய அது ஒன்றே போதுமான காரணம். அட்டமைசர் (திரவம் நிற்கும் டேங்கும் காயிலும் சேர்ந்த பகுதி) பராமரிப்பைச் சில்லறை மிச்சம் பிடிக்கும் விஷயமாகத்தான் பலரும் பார்க்கிறார்கள். சிகரெட்டை விட்டவருக்கு அந்தக் கருவி ஒழுங்காக வேலை செய்வது எவ்வளவு முக்கியம் என்பது அது கெட்ட அன்றுதான் தெரிகிறது.

இங்கே சொல்லப்படுவது பிரிட்டனின் சட்டச் சூழலுக்கு உரியது. அங்கே 2016-ஆம் ஆண்டின் விதிகளின்படி திரவத்தில் நிகோடின் மில்லிலிட்டருக்கு 20 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது. டேங்கின் கொள்ளளவு 2 மி.லி.யைத் தாண்டக் கூடாது. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் மின்-சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, சேமிப்பு எல்லாவற்றையும் தடை செய்கிறது. சிங்கப்பூரில் 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் இதை நினைவில் வைத்துப் பையைக் கட்ட வேண்டும்.

கருவியும் பழக்கமும்

ஒற்றை 18650 பேட்டரி போடும் மாட் (பட்டனும் திரையும் உள்ள அடிப்பகுதி), அதன்மேல் 2 மி.லி. கண்ணாடி டேங்க். உள்ளே கழற்றி மாற்றும் வகை மெஷ் (சூடேறும் உலோக வலை) காயில், 0.2 ஓம். காயிலின் உடலிலேயே "50–60 வாட்" என்று பொறித்திருந்தது. இவர் ஓட்டியது 75 வாட்டில்.

திரவம், 70 பங்கு கிளிசரினும் 30 பங்கு புரொபிலீன் கிளைகாலும் கலந்த கஸ்டர்டு சுவை. 50 மி.லி. நிகோடின் இல்லாத திரவம் அடங்கிய புட்டியில், மில்லிலிட்டருக்கு 18 மி.கி. வலிமையுள்ள 10 மி.லி. நிகோடின் ஷாட் (நிகோடின் திரவச் சிறுபுட்டி) ஒன்றை ஊற்றிக் கலக்குவார். 180 மி.கி. நிகோடின் 60 மி.லி.யில் பரவி, மில்லிலிட்டருக்கு 3 மி.கி. வரும். நாளுக்கு 8 மி.லி. வரை போகும், அதாவது டேங்கை நான்கு முறை நிரப்ப வேண்டும். மிக இனிப்பான, பழுப்பு நிறத் திரவம் அது. இந்த நிறமும் இனிப்பும்தான் கதையின் பாதி.

காயில் ஐந்து நாளில் சுவை கெட்டது. ஐந்து காயில் கொண்ட பெட்டி 12 பவுண்டு. 25 நாளில் தீர்ந்துவிடும். கழுவிப் பார்க்கலாம் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது.

வீட்டில் செய்து பார்த்தவை

முதல் முயற்சி கொதிநீர். பழைய காயிலைச் சமையல் பாத்திரத்தில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வைத்தார். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறியதைப் பார்த்ததும் அழுக்கு முழுவதும் இறங்கிவிட்டது என்று நம்பினார். இரவு முழுக்க ரேடியேட்டர்மேல் வைத்துக் காயவிட்டு, காலையில் மாட்டித் திரவம் ஊற்றிப் பட்டனை அழுத்தியபோது உள்ளே களகளவென்று சத்தம். அடுத்த இழுப்பில் கொதிக்கும் துளி ஒன்று நாக்கில் தெறித்துக் கொப்புளம் வந்தது.

இரண்டாவது முயற்சி வோட்கா. வேறொரு காயிலை ஆறு மணி நேரம் ஊறவைத்து, ஹேர் டிரையரால் பதினைந்து நிமிடம் காய வைத்தார். இது ஒரு நாள் ஓரளவு நன்றாகவே வேலை செய்தது. மறுநாள் மாலையிலிருந்து அடிப்பிடித்த பால் போல ஒரு வாடை.

மூன்றாவது முயற்சிதான் விபரீதமானது. காயிலைத் திரவமின்றிச் சூடாக்கினால் படிவு எரிந்து உதிர்ந்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த அறிவுரை திரியைக் கழற்றிய வெறும் கம்பிச் சுருளுக்கு உரியது. இவரோ பஞ்சு உள்ளேயே இருக்கும் மூடிய காயிலை, காய்ந்த நிலையில், 60 வாட்டில் மூன்று நொடி அழுத்தினார். புகை வந்தது. படிவு எரிகிறது என்று நினைத்து மேலும் இருமுறை அழுத்திவிட்டு, திரவம் ஊற்றி இழுத்துப் பார்த்தார். அடுத்த இரண்டு நாளும் தொண்டை எரிச்சலும் இருமலும் ஓயவில்லை. அந்த இரண்டு நாளில் வாங்கியதுதான் அந்தப் பாக்கெட்.

கடை மேசையில் கண்டவை

மூன்றாம் நாள் கருவியோடு, கழுவிய காயில்கள் எல்லாவற்றையும் ஒரு சிறு டப்பாவில் போட்டுக்கொண்டு வேப் கடைக்கு வந்தார். அவற்றைத் தூக்கி எறியாமல் கொண்டுவந்தது பெரிய உதவியாக இருந்தது.

முதலில் பேட்டரியை வெளியே எடுத்தார்கள். அதன் பிளாஸ்டிக் உறை நேர்முனைக்கு அருகே அரை சென்டிமீட்டர் கிழிந்திருந்தது. 18650 பேட்டரியின் உலோக உடல் முழுவதுமே எதிர்முனை. நேர்முனைக்கு அருகில் உறை கிழிந்தால் கருவிக்குள்ளேயே குறுக்குச்சுற்று ஏற்படலாம். காயில் பிரச்சினைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. ஆனாலும் வேறு எதைப் பார்ப்பதற்கும் முன் புதிய உறை போட்டுக் கொடுத்தார்கள், சரியாகவே செய்தார்கள்.

அடுத்து மின்தடை. காய்ந்தபடி சூடாக்கிய காயிலை மாட்டியபோது திரை ஒருமுறை 0.17 காட்டியது, மறுமுறை 0.24. மாட்டின் 510 இணைப்பை (டேங்க் திருகப்படும் இடம்) துடைத்துவிட்டு வேறு புதிய காயிலை வைத்தபோது 0.20-இல் அசையாமல் நின்றது. எனவே கோளாறு மாட்டில் இல்லை. பழைய காயிலின் அடியில் நடுமுனைப் பின்னைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் தளர்ந்து, விரலால் தொட்டாலே பின் ஆடியது.

பிறகு அந்தக் காயிலின் உலோகக் கூட்டைக் குறட்டால் பிரித்துப் பார்த்தார்கள். வெளிப்பக்கம், திரவம் நுழையும் துளைகளுக்கு எதிரே, பஞ்சு வெளிர் பழுப்பு. தொட்டால் இன்னும் பஞ்சாகவே இருந்தது. உள்ளே போகப் போக நிறம் இருண்டது. மெஷ்ஷைத் தொட்டுக்கொண்டிருந்த உள்ளடுக்கு கரியாகி, மெஷ்ஷின் கண்கள் ஒவ்வொன்றும் அதில் அச்சுப் பதித்தது போல் தெரிந்தன. நகத்தால் சுரண்டியதும் பொடியாக உதிர்ந்தது. அந்தப் பொடிதான் ஒவ்வொரு இழுப்பிலும் காற்றோடு போயிருக்கும்.

கொதிநீரில் போட்ட காயிலையும் பிரித்தார்கள். அதில் பஞ்சு கருகவில்லை. ஆனால் ஈரத்தில் ஊதி, காய்ந்து சுருங்கி, கெட்டியான அட்டை போல இறுகி, மெஷ்ஷை விட்டு ஓரிடத்தில் விலகியிருந்தது. மெஷ்மேல் இருந்த கறுப்புப் படிவோ அப்படியே இருந்தது. பத்து நிமிடக் கொதிப்பில் இறங்கியது பஞ்சில் ஊறியிருந்த பழைய திரவம் மட்டுமே. சுவையைக் கெடுத்த படிவு அசையவே இல்லை.

டேங்கின் மேல் ஓ-ரிங்கில் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) ஒரு சிறு வெட்டு; காற்றுத் துளைகளில் பிசுபிசுப்பு. இவை சாதாரணத் தேய்மானம்.

ஏன் இப்படி ஆகிறது

விளக்குத் திரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். எண்ணெய் இருக்கும்வரை எரிவது எண்ணெய். எண்ணெய் வற்றினால் எரிவது திரி. காயிலிலும் அதேதான். பஞ்சு நனைந்திருக்கும்வரை சூட்டைத் திரவம் ஆவியாகி எடுத்துக்கொண்டு போய்விடும். புரொபிலீன் கிளைகால் 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், கிளிசரின் 290-இல். திரவம் வந்து சேரும் வேகத்தைவிட ஆவியாகும் வேகம் கூடினால் மெஷ்ஷின் சூடு கட்டுக்கு அடங்காது. பஞ்சு கருகும். மிஞ்சியிருக்கும் கிளிசரின் சிதைந்து, தொண்டையைக் கீறும் அக்ரோலீன் என்ற பொருள் உண்டாகும், ஃபார்மால்டிஹைடும் கூடும். காந்தல் நெடியை உடல் வெறுப்பது நல்லதற்கே. அதைச் சகித்துக்கொண்டு இழுக்கக் கூடாது.

மெஷ்மேல் படிவது இனிப்பு. வேப் திரவங்களில் பரவலாகச் சேர்க்கப்படும் சுக்ரலோஸ் ஆவியாகிப் போகாது. உலோகத்திலேயே தங்கி, அடிப்பிடித்த பாகு போல அடுக்கடுக்காகக் கருகி இறுகும். அடர்நிறச் சுவைச்சாறுகளும் அப்படியே. படிவு சூட்டைத் தடுக்கும், பஞ்சுக்கும் மெஷ்ஷுக்கும் நடுவே புகுந்து திரவத்தின் வழியையும் அடைக்கும். இவர் 60 வாட் வரம்புள்ள காயிலை 75-இல் ஓட்டியதால் எல்லாமே இரட்டை வேகத்தில் நடந்தது.

கழுவுவதால் என்ன தவறு என்றால், கழுவும் பொருள் எதுவானாலும் அது பஞ்சில் தங்கும். தண்ணீர் 100 டிகிரியில் குபீரென்று கொதித்து, சுற்றியுள்ள திரவத்தைத் துளியாக வீசும். நாக்கில் கொப்புளம் வந்தது அப்படித்தான். ஆல்கஹால் தீப்பற்றும், முழுக்க ஆவியாகாமல் மின்சாரம் கொடுப்பது ஆபத்து. பாத்திரம் கழுவும் திரவத்தை மூடிய கூட்டுக்குள்ளிருந்து அலசி எடுக்கவே முடியாது. பஞ்சு வெளியே காய்ந்துவிட்டது போல் தோன்றும்போதும் உள்ளே ஈரம் இருக்கும்.

எடுத்த முடிவுகள்

அட்டமைசரை ஒரே பொருளாகப் பார்க்காமல் மூன்றாகப் பிரித்தார்கள்.

மூடிய காயில்களைக் கழுவுவதில்லை. அவருடைய பழைய காயில்கள் எல்லாம் கழிவுக்குப் போயின. கண்ணாடியும் எஃகும் ரப்பரும் கழுவ வேண்டியவை, உடனே கழுவப்பட்டன. மூன்றாவதாக, அவர் பையில் இன்னொரு அட்டமைசரும் இருந்தது. கையால் சுருள் சுற்றிப் பஞ்சு கோர்க்கும் ரீபில்டபிள் வகை, மைத்துனர் கொடுத்தது. இதையாவது காய்ந்த சூட்டில் சுத்தம் செய்யலாமா என்று கேட்டார். அந்த வகையில் அது முறைதான். ஆனாலும் அன்று செய்ய மறுத்தார்கள், ஏனெனில் அதிலிருந்த கம்பி எந்த உலோகம் என்று யாருக்கும் தெரியவில்லை.

இந்த மறுப்பு முக்கியமானது. காந்தால், நிக்ரோம் என்னும் கலப்புலோகக் கம்பிகளையும் எஸ்எஸ் 316 எஃகையும் பஞ்சை எடுத்துவிட்டு மங்கிய சிவப்பு வரை சூடாக்கலாம். நிக்கலையும் டைட்டானியத்தையும் ஒருபோதும் சிவக்கச் சூடாக்கக் கூடாது. டைட்டானியத்தின்மேல் ஆக்சைடுப் பொடி உண்டாகும், அளவு மீறினால் உலோகமே தீப்பற்றும். காந்தம் வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். காந்தால், நிக்கல் இரண்டுமே காந்தத்தில் ஒட்டும். டைட்டானியம், நிக்ரோம், எஸ்எஸ் 316 ஒட்டாது. ஆக, எரிக்கலாகாதது இரு பக்கமும் ஒவ்வொன்று இருக்கிறது. காந்தம் விடை தராது. சந்தேகம் இருந்தால் கம்பியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் சுற்றுவது 20 நிமிட வேலை.

டேங்கைக் கழுவிய முறை

கையுறை போட்டுக்கொண்டு, மிஞ்சிய திரவத்தைக் காகிதத் துணியில் வடித்தார்கள். நிகோடின் தோல் வழியே உடலில் ஏறும். இவருடையது 3 மி.கி. என்பதால் டேங்கில் 6 மி.கி.தான், 20 மி.கி. திரவம் என்றால் அதே டேங்கில் 40 மி.கி. இருக்கும். எனவே சமையல் பாத்திரத்தையும் கழுவுதொட்டியையும் தவிர்த்து, இதற்கென்றே ஒரு கிண்ணம் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். குழந்தை, நாய், பூனை உள்ள வீட்டில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

டேங்கை முழுக்கப் பிரித்தார்கள்: வாய்முனை, மேல்மூடி, கண்ணாடி, அடித்தட்டு, காற்று வளையம், ஓ-ரிங்குகள். ஓ-ரிங்கை ஊசியால் நெம்பாமல், காகிதத்தால் பிடித்து ஒருபக்கமாக நகர்த்தி மடிப்பு விழச்செய்து கழற்ற வேண்டும். முன்பு வெட்டு விழுந்தது ஊசியால்தான்.

கைபொறுக்கும் வெந்நீர் அரை லிட்டரில் வாசனையில்லாத பாத்திரத் திரவம் ஒரு துளி. 15 நிமிடம் ஊறல். திருகுமரையை மென்மையான பல்துலக்கும் பிரஷ்ஷாலும், காற்றுத் துளைகளைப் பல் இடுக்கு பிரஷ்ஷாலும் தேய்த்தார்கள். ஓடும் நீரில் சோப்பு வழுக்கல் போகும்வரை அலசல். கஸ்டர்டு வாடை விடாததால் எஃகையும் கண்ணாடியையும் மட்டும் ஒரு கோப்பை வெந்நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து அரை மணி நேரம் வைத்தார்கள். ஆல்கஹாலைப் பிளாஸ்டிக் டேங்கில் படவிடக் கூடாது. அக்ரிலிக்கும் பாலிகார்பனேட்டும் அதனால் மயிரிழை போல வெடிக்கும். மாட்டின் 510 இணைப்பைப் பேட்டரி இல்லாத நிலையில், பஞ்சுக்குச்சியில் மிகக் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும். தண்ணீர் அங்கே போகவே கூடாது.

காய 12 மணி நேரம். கண்ணாடி அரை மணியில் காய்ந்துவிடும். காற்று வளையத்தின் அடியிலும் மரைக்குள்ளும் நீர் ஒளிந்திருக்கும். புதிய ஓ-ரிங்குக்கு அதே திரவத்தில் ஒரு துளி தடவினார்கள். வாசலின் போன்ற பெட்ரோலிய எண்ணெய்ப் பசைகளை மூச்சில் போகும் கருவியில் பூசக் கூடாது.

புதிய காயிலின் துளை ஒவ்வொன்றிலும் ஒரு துளி, நடுவில் இரண்டு துளி. டேங்கை நிரப்பி, மூடி, 10 நிமிடம் சும்மா வைத்தார்கள். 40 வாட்டில் தொடங்கி, ஐந்தாறு இழுப்புக்கு ஒருமுறை 5 வாட் ஏற்றி, 55-இல் நிறுத்தினார்கள். பலருடைய புதிய காயில் முதல் நாளே கருகுவது இந்தப் பத்து நிமிடப் பொறுமை இல்லாததால்தான்.

ரீபில்டபிள் அட்டமைசரில் பழைய கம்பியை எடுத்துவிட்டு, 26 கேஜ் காந்தாலை 3 மி.மீ. தண்டில் ஆறு சுற்றுச் சுற்றினார்கள், 0.8 ஓம் வந்தது. இதைச் சுத்தம் செய்யும் முறையை அங்கேயே காட்டினார்கள்: பஞ்சை உருவி எடு, 10 வாட்டில் ஒரு நொடி, ஒரு நொடியாக விட்டுவிட்டு அழுத்து, மங்கிய சிவப்பு வந்ததும் நிறுத்து, ஆரஞ்சு நிறம் ஏறவிடாதே, ஆறியபின் டேங்கை மாட்டிலிருந்து கழற்றிப் பிரஷ்ஷும் தண்ணீரும், காய்ந்ததும் மின்தடை பார்த்துப் புதுப் பஞ்சு. கம்பி மெலிந்தாலோ சுருளில் ஓரிடம் மட்டும் முந்திச் சிவந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது.

அதன்பின் நடந்தது

ஆறு வாரம் தொடர்ந்து கவனித்தார்கள். மாற்றியவை இரண்டு: வாட் 75-இலிருந்து 55, பகல் முழுக்கக் கஸ்டர்டு என்பதற்குப் பதில் இனிப்பூட்டி சேர்க்காத தெளிவான புதினாத் திரவம். கஸ்டர்டை விட மனமில்லை. அதை ரீபில்டபிளில் போட்டுக்கொண்டார். அதில் பஞ்சு மாற்றுவது மூன்று நாளுக்கு ஒருமுறை, செலவு சில பென்ஸ்.

முதல் புதிய காயில் 12 நாள் வந்தது, அடுத்தது 14. ஒரு பெட்டி இரண்டு மாதம் தாங்கும் கணக்கு. கழுவி மிச்சம் பிடிக்க நினைத்ததைவிட இது அதிக மிச்சம்.

இடையில் ஒரு சறுக்கல். ஞாயிறன்று டேங்கைக் கழுவி, இரண்டு மணி நேரத்தில் மாட்டிவிட்டார். மீண்டும் களகளப்பு, அடியில் கசிவு. கடைக்காரர் காற்று வளையத்தைக் கழற்றியதும் உள்ளிருந்து தண்ணீர்த் துளி உருண்டது. காயிலை மாற்ற வேண்டியிருந்தது. அதன்பிறகு உதிரி டேங்க் ஒன்று வாங்கி, ஒன்று காயும்போது இன்னொன்றைப் பயன்படுத்துகிறார்.

இருமல் புதிய காயிலுக்கு மாறிய இரண்டாம் நாளே நின்றது. வாங்கிய பாக்கெட்டில் ஏழு சிகரெட் மீதி இருந்தன. அவற்றை வேலையிடத்தில் யாருக்கோ கொடுத்துவிட்டார். ஆறாம் வாரம் வரை மீண்டும் வாங்கவில்லை.

மறுமுறை மாற்ற வேண்டியவை

முதல் பெட்டி விற்கும்போதே வாட் எண்ணைக் காட்டியிருக்க வேண்டும். காயில் உடலில் பொறித்த எழுத்து பொடியானது. டேங்குக்குள் போய்விட்டால் கண்ணில் படாது. இப்போது அந்தக் கடையில் வாட் வரம்பையும் மாட்டிய தேதியையும் சிறு ஒட்டுத்தாளில் எழுதி மாட்டின் அடியில் ஒட்டிக் கொடுக்கிறார்கள்.

"ஐந்து நாளில் தீர்ந்துவிடுகிறது" என்று அவர் முன்பே இருமுறை முறையிட்டிருந்தார். அப்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வி, என்ன திரவம் என்பது. அதைக் கேட்காமல் இன்னொரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார்கள். கழுவும் எண்ணம் வரும் இடத்தில் எல்லாம் பின்னால் ஒரு இனிப்புத் திரவமோ அளவு மீறிய வாட்டோ இருக்கிறது.

நாக்கில் கொப்புளமும் இருமலும் வந்தபோது அவர் யாரிடமும் சொல்லவில்லை. பிரிட்டனில் வேப் கருவியால் வரும் உடல் கோளாறுகளை மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எம்ஹெச்ஆர்ஏவின் மஞ்சள் அட்டைத் திட்டத்தில் பயனரே நேரடியாகப் பதியலாம். இருமல் நின்றிருக்காவிட்டால் குடும்ப மருத்துவரிடம் போகச் சொல்வதாக இருந்தது. அதை முதல் நாளே தெளிவாகச் சொல்லியிருக்கலாம்.

மாற்றுக் காயில் ஒன்று எப்போதும் கையில் இருக்க வேண்டும் என்பது அவரே சேர்த்தது. இரவுப் பணியில் இரண்டு மணிக்குக் காந்தல் வந்தால் கடை திறந்திருக்காது, பெட்ரோல் நிலையத்தில் சிகரெட் மட்டும் கிடைக்கும். இப்போது மேலங்கிப் பையில் திரவம் தடவாத புதிய காயில் ஒன்றை அதன் உறையோடு வைத்திருக்கிறார்.

பிரித்த காயில்கள் கடையின் திரும்பப் பெறும் பெட்டிக்குப் போயின. கரி அச்சு விழுந்த அந்தப் பஞ்சை மட்டும் ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு மேசைமேல் வைத்திருக்கிறார்கள். காயிலைக் கழுவலாமா என்று கேட்டு வருபவர்களிடம் அதை முதலில் காட்டுகிறார்கள்.